முப்பத்தொன்றின் திமில்

கை நடுங்கக் கூடாது என்பதற்காக நான் காலையில் காப்பி குடிப்பதில்லை. நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. இருபத்தெட்டு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டவன் நான். மற்றவர்களுக்குக் கோடு என்றால் கோடு. எனக்கு அதற்கு ஓர் அகலம் உண்டு. பென்சிலை ஒழுங்காகச் சீவாமல் போட்ட ஒரு கோட்டின் அகலத்தில் ஒருவருடைய சுவர் அடுத்தவர் நிலத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். இதைச் சொன்னால் ஆபீசில் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும்.

என் மாப்பிள்ளையைப் பற்றித்தான் கேட்கப் போகிறீர்கள். என் தங்கையின் கணவர். இன்ஜின் டிரைவராக இருந்தவர், இப்போது சிறையில் இருக்கிறார். தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த ஒரு பணியாளர்மேல் இன்ஜினை ஏற்றிவிட்டார். ஆளைப் பார்க்க முடிந்தும் ஹாரன்கூட அடிக்காமல் வந்தார் என்று தீர்ப்பு. ஐந்து வருடம். அதில் பாதி முடிந்திருக்கிறது. தன் இருக்கையிலிருந்து அந்த ஆளைப் பார்க்க வழியே இல்லை என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி உங்களிடம் வாக்குமூலம் கொடுக்கத்தான் நானாகவே வந்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்து இழுத்து வரவில்லை என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

என் பொழுதுபோக்கைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். குட்டி ரயில். பொம்மை என்று நினைக்காதீர்கள். நிஜத்தில் எழுபத்தாறு மில்லிமீட்டர் இருப்பது இங்கே ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் கம்பெனிக்காரர்கள் விற்கிற இன்ஜின் எதுவும் இந்தக் கணக்கில் இருப்பதில்லை. ஒரே மோட்டாரை எல்லா வண்டிக்குள்ளும் திணிக்க வேண்டும் என்பதற்காக உடம்பை இரண்டு மில்லிமீட்டர் அகலமாகச் செய்துவிடுவார்கள். சக்கரம் தடம் புரளக் கூடாது என்பதற்காக வண்டியைத் தூக்கி வைப்பார்கள். பார்த்தால், தேங்கின தண்ணீரில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நடக்கிற ஆள் போல இருக்கும். பக்கத்தில் ஓடுகிற கைப்பிடிக் கம்பியை நிஜ அளவுக்குக் கொண்டுபோனால் மனிதக் கணுக்கால் கனம் வரும். எந்த டிரைவர் அதைப் பிடித்து ஏறுவார், சொல்லுங்கள்.

நான் அதையெல்லாம் சரி செய்வேன். உடம்பை நெடுக்காக அறுத்து, நடுவில் ஒரு கீற்றை எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டித் தேய்ப்பேன். சேர்ந்த இடம் தெரியக் கூடாது. சக்கரச் சட்டத்தை அரத்தால் ராவி வண்டியைக் கீழே இறக்குவேன். கம்பியைப் பிடுங்கிவிட்டு பாதிக் கனத்தில் புதுக் கம்பி வளைத்துப் போடுவேன். ஒரு இன்ஜினுக்கு எனக்கு எட்டு மாதம், பத்து மாதம் ஆகும். என் அறையில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, பதினான்கு அரங்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் தங்கை சின்ன வயதில் எனக்காக விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கை அசையாது அவளுக்கு. அப்படி ஒரு கை லட்சத்தில் ஒன்று.

அந்தக் கையைத்தான் மாப்பிள்ளை கட்டிக்கொண்டு போனார். அவர் சத்தமாகச் சிரிக்கிற ஆள். வீட்டுக்குள் வரும்போதே சிரித்துக்கொண்டு வருவார். “என்ன மச்சான், வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிருச்சா?” என்று முதுகில் ஒரு தட்டு. என் வேலை நாற்காலியில் போய் உட்காருவார். இன்ஜின் ஷெட்டின் டீசல் வாசனையோடு வந்து, காயாத பெயிண்ட்மேல் விரலை வைத்துவிட்டு, “ஐயையோ, ஈரமா?” என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கோட் அடிப்பேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், தங்கையை ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்காததற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம் ஒரு கண்காட்சியில் கிடைத்தது. எட்டு வருடத்துக்கு முன்னால்.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, குட்டி ரயில் செய்கிறவர்கள் சங்கம். தலைவர் ஒரு பல் டாக்டர். அந்த வருடம் நான் மாப்பிள்ளை ஓட்டுகிற வகை இன்ஜினையே எடுத்துக்கொண்டேன். அந்த வகையில் மொத்தமே நான்கு வண்டிதான், இருபத்தெட்டிலிருந்து முப்பத்தொன்றுவரை எண். டிரைவர் அறை ஒரு கோடியில், அதற்கு முன்னால் பத்து மீட்டருக்கு நீண்ட மூக்கு. அந்த மூக்குக்குள்தான் இயந்திரம் எல்லாம் இருக்கும். டிரைவர் அந்த மூக்குக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். ரயில்வே ஆபீசிலிருந்து மூல வரைபடம் வாங்கி, பதினொரு மாதம் உழைத்து, முப்பத்தொன்று என்று எண் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். முதல் பரிசு எனக்குத்தான் என்று பல் டாக்டர் காதோடு சொல்லியும் விட்டார்.

அப்போதுதான் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நடுவர்களுக்கு ஒரு நிஜ டிரைவர் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. “நீங்க சொல்லுங்க சார், வண்டி எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். மாப்பிள்ளை குனிந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய அதிகாரி போலச் சுற்றி வந்து பார்த்தார்.

“எல்லாம் ஜோர்தான் மச்சான். ஆனா இது முப்பத்தொண்ணு இல்லையே. முப்பத்தொண்ணுக்குத் திமில் இருக்குமே. திமில் எங்க?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அந்த வண்டி சூடாகிறது என்று ஷெட்டில் மூக்கின் மேல் ஒரு தகரப் பெட்டியைப் பற்றவைத்திருந்தார்களாம், காற்று போக. மேலிடத்தில் அனுமதி வாங்கவில்லை, வரைபடத்தில் இல்லை. நான்கு வண்டியில் இரண்டுக்கு மட்டும். டிரைவர்கள் அதைத் திமில் என்பார்களாம். “மச்சான் வண்டி திமிலைக் கழட்டி வச்சுட்டுக் குளிக்கப் போயிருக்கு போல,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நடுவர்கள் சிரித்தார்கள், பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் தங்கையும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் தோள் குலுங்கியது.

பரிசு வேறொருவருக்குப் போனது. அன்றிலிருந்து சங்கத்தில் எனக்குத் திமில் என்றே பெயர். “திமில் வந்தாச்சா?”, “திமிலுக்கு ஒரு டீ.” எட்டு வருடம். நீங்கள் ஒரு பெயரோடு எட்டு வருடம் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அடுத்த வாரமே நான் ஷெட்டுக்குப் போனேன். மாப்பிள்ளைதான் உள்ளே அழைத்துப் போனார், ஏணி பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தொன்றின் மேல் ஏறி அந்தத் தகரப் பெட்டியை நான் அளந்தேன். இருநூற்றுப் பதின்மூன்று மில்லிமீட்டர் உயரம். பற்றவைத்த வெல்டரே அதை அளந்ததில்லை, கண்மட்டத்துக்குச் செய்தது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பித்தளைத் தகட்டில் அதைச் செய்தேன். எழுபத்தாறால் வகுத்தால் இரண்டு புள்ளி எட்டு மில்லிமீட்டர். ஒட்டிப் பெயிண்ட் அடித்து மேஜையில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்த இன்ஜினில் குறை என்று சொல்ல எதுவுமில்லை. யாரும் வந்து பார்க்கவும் இல்லை.

விபத்து நடந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து. மாப்பிள்ளை முப்பத்தொன்றை ஓட்டிக்கொண்டு போனார், நீண்ட மூக்கு முன்னால். பாதை இடப்பக்கம் வளைகிற இடம். டிரைவர் உட்காருவது வலப்பக்கம். இடப்பக்கம் பார்க்க வேண்டிய உதவியாளர், எண்ணெய் குறைந்ததற்கான எச்சரிக்கை மணி அடித்ததென்று இன்ஜினின் வெளி நடைபாதையில் பார்க்கப் போயிருந்தார். வளைவில் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒருவர் குனிந்து போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தடத்தில் சரக்கு வண்டி போகிற சத்தத்தில் அவருக்கு இது கேட்கவில்லை. ஹாரன் அடித்திருந்தால் நகர்ந்திருப்பார். அவருக்கு மனைவியும் இரண்டு பெண்களும்.

டிரைவரின் கண், மூக்கின் மேல்விளிம்பைவிட ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் மேலே இருக்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் அவர் இடப்பக்கத்துத் தடத்தைப் பார்க்க முடியும். திமில் இல்லாத வண்டியில் அந்த ஆரஞ்சுச் சட்டை பத்து விநாடிக்குத் தெரிந்திருக்கும். திமில் இருக்கிற வண்டியில் தகரம்தான் தெரியும். இவ்வளவுதான் வழக்கு. வேறொன்றும் இல்லை.

வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்குள் அந்த நான்கு வண்டியையும் ஓட்டத்திலிருந்து எடுத்து உடைத்துவிட்டார்கள். வரைபடத்தில் திமில் இல்லை. வெல்டரைக் கேட்டார்கள். அனுமதி இல்லாமல் பற்றவைத்ததைச் சொன்னால் வேலை போய்விடும் என்பதால், தான் அப்படி எதுவும் செய்ததில்லை என்று சொல்லிவிட்டார். ஷெட் மேலாளரும் அதையே சொன்னார், அவருக்குப் பயந்து மற்ற டிரைவர்களும். வக்கீல் எங்கெங்கோ தேடி இரண்டு புகைப்படம் கொண்டுவந்தார். எண் தெரிகிற படத்தில் வண்டியின் மேல்பாகம் கூரை நிழலில் இருந்தது. திமில் தெரிகிற படத்தில் எண் தெரியவில்லை.

அப்போது அவர்கள் இரண்டு பேரும் என் அறைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை என் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். நான் உட்காரச் சொன்ன பிறகும் கட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்தார்.

“மச்சான், நான் உண்மையாவே பார்க்கலை. பார்த்திருந்தா ஹாரன்மேல ஏறி உட்கார்ந்திருக்க மாட்டேனா?”

“தெரியும் மாப்பிள்ளை,” என்றேன்.

“அந்தத் திமிலை டேப் வச்சு அளந்த ஆள் இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்ட அந்த வண்டியும் இருக்கு. கோர்ட்டுல அந்த வளைவை அப்படியே செஞ்சு, உங்க வண்டியை வச்சுக் காட்டலாம்னு வக்கீல் சொல்றாரு. நீங்க வந்து சொன்னா போதும்.”

தங்கை மேஜை விளக்கை என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள், பழைய பழக்கம். பிறகு, “அண்ணா, நீதான் இருக்க எங்களுக்கு,” என்றாள்.

“நான் பார்த்துக்கறேன்,” என்றேன். இதில் ஒரு பொய்யும் இல்லை.

வளைவைச் செய்ய ஆறு வாரம் ஆனது. முந்நூறு மீட்டர் பாதை எனக்கு நான்கு மீட்டர் பலகை. சரளைக் கல், கட்டை, பக்கத்துத் தடத்துச் சரக்கு வண்டி, எல்லாம் சர்வே அளவின்படி. குனிந்த ஆள் பதினான்கு மில்லிமீட்டர். ஆரஞ்சுச் சட்டைக்கு நிறம் கலக்க மட்டும் இரண்டு நாள். நான் இதுவரை செய்த வேலையிலேயே அது சிறந்தது. சந்தேகம் இருந்தால் யாரையும் கேளுங்கள்.

கடைசி வாரம் இன்ஜினை எடுத்தேன். பெயிண்ட் போக்குகிற திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் திமிலின் அடியில் வைத்தேன். இருபது நிமிடத்தில் பசை இளகியது. மெல்லிய தகட்டை விட்டு நெம்பினேன், முழுசாக வந்துவிட்டது. ஒட்டியிருந்த இடத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், என் கண்ணுக்கே தெரியவில்லை. ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுத வேண்டாம். அன்று காலை நல்ல வெளிச்சம் இருந்தது, வயிறாரச் சாப்பிட்டிருந்தேன், கை கொஞ்சமும் நடுங்கவில்லை. கண்காட்சியில் வைத்த வண்டியைத்தான் நான் திரும்பவும் செய்தேன். வரைபடத்தில் உள்ளதுபோல. அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தார்கள், இன்றைக்கு யார் சிரிக்கிறார்கள் பார்க்கலாம் என்று நினைத்தேன். இதை நான் மறைக்கவில்லை.

பல் டாக்டர் ஒருவர்தான் இடையில் கேட்டார். அறைக்கு வந்திருந்தார், டிரைவர் அறைக்குள் விட்டுப் பார்க்கத் தன்னுடைய சின்னக் கேமராவைக் கொடுக்க. வாய்க்குள் விட்டுப் பல்லைத் திரையில் காட்டுவார்களே, அது. “ஏம்பா திமில், இதுக்குத் திமில் உண்டுல்ல?” என்றார்.

“அது இருபத்தொன்பதுக்கு டாக்டர். அப்புறம் முப்பதுக்கு. நான் நேர்ல ஏறி அளந்தவன். முப்பத்தொண்ணுக்குக் கிடையாது.”

“அப்ப கண்காட்சியில வச்சது?”

“முப்பது.”

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஐந்து வருடத்துக்கு முன்னால் யார் எந்த எண்ணைப் பார்த்தார்கள்? சிரித்தது மட்டும் நினைவிருக்கும். நான்தான் எண்ணை நினைவு வைத்திருந்தேன்.

இதையேதான் நீதிமன்றத்திலும் சத்தியம் செய்து சொன்னேன். முப்பத்தொன்றில் ஏறி அளந்திருக்கிறேன், மூக்கின் மேல் எதுவும் இல்லை. அன்றுதான் வண்டியையே பார்த்த மாப்பிள்ளையின் வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது, அவர் சார்பில் வந்த சாட்சி அல்லவா நான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “அப்படியானால் உள்ளிருந்து பார்க்கலாமே,” என்றார். கேமராவை டிரைவர் அறைக்குள் விட்டார்கள், கண் உயரத்தில், நான் குறித்துக் கொடுத்த இடத்தில். பெரிய திரையில் படம் வந்தது. சாம்பல் நிற மூக்கின் விளிம்பு, அதற்கு மேல் வளைவு, வளைவில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. நன்றாகத் தெரிந்தது. இறந்தவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை கூண்டிலிருந்து என்னைத்தான் பார்த்தார். “திமில் எங்க மச்சான்?” என்றார். கண்காட்சியில் கேட்ட அதே கேள்வி, அதே வார்த்தை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி அவரை அமைதியாக இருக்கச் சொன்னார். அவர் மறுபடியும், “மச்சான், ஏணி பிடிச்சேனே நான், சொல்லுங்க மச்சான்,” என்றார். நான் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். முதல் வருடம் மாதாமாதம் சிறைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள். போய்வந்து சாப்பிட மாட்டாள். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

“அவர் பொய் சொல்லிட்டாரா அண்ணா?”

“மறந்திருக்கலாம்மா.”

“ஒரு உயிர் போயிருக்கு. பார்த்துட்டு பார்க்கலைன்னு சொல்ற மனுஷனோடவா இத்தனை வருஷம் இருந்தேன்?”

அதற்குப் பிறகு அவள் போவதில்லை. சாயங்காலம் என் அறைக்கு வருவாள், விளக்கைப் பிடிப்பாள். கை இன்னும் அசைவதில்லை. நான் ஒன்றும் அவளைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த விஷயத்தில் என்மேல் யாரும் பழி போட முடியாது.

நான் ஏன் இன்று வந்தேன் என்று கேட்கிறீர்கள். வழக்கு முடிந்ததும் அந்த வளைவையும் இன்ஜினையும் ரயில் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டி, நல்ல விளக்கு. கீழே ஒரு பலகை, என் பெயரோடு: ‘ஒவ்வோர் அளவும் துல்லியமாகச் செய்யப்பட்டது.’ போன மாதம் போயிருந்தேன். அங்கே பார்வையாளர் கருத்து எழுத ஒரு நோட்டு இருக்கிறது. அதில் ஊர்பேர் இல்லாத ஒருவன் எழுதியிருக்கிறான்: ‘முப்பத்தொன்றுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். நான் அதில் போயிருக்கிறேன். செய்தவருக்கு இது தெரியவில்லை போலும், பாவம்.’

பாவம் என்று எழுதியிருக்கிறான். எனக்குத் தெரியவில்லையாம். உலகத்திலேயே அதை அளந்தவன் நான் ஒருவன், எனக்குத் தெரியவில்லையாம். அன்று சாப்பிடவே முடியவில்லை. இன்ஜினைத் திருப்பிக் கொடுங்கள், ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். அது நீதிமன்றச் சான்றுப்பொருள், மேலிடத்து உத்தரவில்லாமல் தொட முடியாது என்று பதில் வந்தது. உத்தரவு வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். திமில் இதோ இந்தத் தீப்பெட்டியில் இருக்கிறது. பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள், ஓரம் வளைந்துவிடும். ஒட்டுவதற்கு எனக்கு அரை மணி நேரம் போதும். அந்தக் கண்ணாடிப் பெட்டியை நீங்கள் திறந்து கொடுத்தால் போதும்.

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை வெளியே வர வேண்டும், அதற்கான தாள்கள், இதையெல்லாம் நினைக்கிறீர்கள். செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. என்னை உள்ளே போட வேண்டுமா, போடுங்கள். சத்தியம் செய்து பொய் சொன்னேன், தெரிந்தே சொன்னேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். இங்கே வருவதற்கு முன்னால், நேற்றுக் காலை நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டரை வருடத்தில் முதல் தடவை.

நடுவில் கம்பி வலை. மெலிந்திருந்தார். சிரிக்கவில்லை, முன்பல் ஒன்று இல்லை. என்னைக் கண்டதும் கும்பிட்டார். நான் சொல்ல வந்ததைச் சொல்லத்தான் போனேன், அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

“கோர்ட்டுல உங்களைச் சங்கடப்படுத்திட்டேன் மச்சான். மனசுல வச்சுக்காதீங்க. நான் தினமும் யோசிச்சுப் பார்க்கறேன். அந்தத் திரையில அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுதே. நீங்க அளவுல தப்பு பண்ற ஆள் இல்லை. திமில் இருந்தது முப்பதுலதான் போல. ரெண்டு வண்டியையும் போட்டுக் குழப்பிக்கிட்டேன். நான் பார்த்திருக்கணும் மச்சான். கண் அசந்துட்டேனோ என்னவோ. அந்தம்மாவுக்கு லெட்டர் எழுதிட்டேன், நான்தான் கொன்னேன், மன்னிச்சிருங்கன்னு.”

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். பதில் வரவில்லையாம். அதையும் சொன்னார். பிறகு, “உங்க வண்டி சரியாத்தான் இருந்துச்சு மச்சான்,” என்றார்.

எட்டு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்திருந்தேன். வந்தபோது சந்தோஷமாக இல்லை. எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் வண்டி சரியாக இல்லை. திமில் இல்லை. அவர் ஆறு வருடம் ஓட்டின வண்டி, ஏணி பிடித்துக்கொண்டு என்னை ஏற்றிவிட்ட வண்டி. நான் சொல்லப் போனதைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். இதை உங்கள் தாளில் கடைசியில் எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கே புரியும். தன்னுடைய இன்ஜினில் என்ன இருந்தது, என்ன இல்லை என்றே உறுதியாகச் சொல்லத் தெரியாத மனுஷன், தண்டவாளத்தில் நின்ற ஆளைப் பார்க்கவில்லை என்று சொன்னதை மட்டும் நான் எப்படி நம்பியிருக்க முடியும்?